சாவி கொடுக்கும் கிராமபோன்: வாங்குவதும் பாட வைப்பதும்

கிராமபோன் மின்சாரம் இல்லாமல் பாடும் கருவி. பெட்டிக்குள் எஃகு ஸ்பிரிங் ஒன்று சுருண்டு கிடக்கிறது. பக்கவாட்டில் உள்ள கைப்பிடியைச் சுற்றி அதை முறுக்கிவிட்டால், அது விரியும் விசையில் சுழல் தட்டு சுற்றுகிறது. இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசி இடமும் வலமுமாக அதிர்ந்து, அந்த அதிர்வைச் சவுண்ட் பாக்ஸில் உள்ள மெல்லிய தகட்டுக்குக் கொடுக்கிறது. தகடு எழுப்பும் ஒலியைக் குழாய்க் கையும் புனலும் பெருக்கி வெளியே விடுகின்றன. இவ்வளவிலும் வால்வு கிடையாது, மின்கம்பி கிடையாது. அதனால்தான் 80, 90 ஆண்டு பரணில் கிடந்த பெட்டியும் விவரம் தெரிந்த கையில் மறுபடி பாடுகிறது. மன்னார்குடி, கும்பகோணம், தஞ்சாவூர் வட்டாரத்தில் பழைய பெட்டி வாங்க விரும்புவோருக்கு இரண்டு கேள்விகள் எழும். எதைப் பார்த்து வாங்குவது? வாங்கியதில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது? இரண்டுக்கும் விடை சொல்லுமுன், அந்தப் பெட்டி இந்தப் பக்கம் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

எடிசன் 1877-இல் செய்த போனோகிராஃப் உருளையில் பதிவு செய்தது. தட்டையான வட்டில் பதியும் கிராமபோனை எமில் பெர்லினர் 1887-இல் கொண்டுவந்தார். முதலில் அதைக் கையால் சுற்றிக்கொண்டே கேட்க வேண்டியிருந்தது. சுற்றுகிற கை தளர்ந்தால் பாட்டும் தளரும். எல்ட்ரிட்ஜ் ஜான்சன் 1896-இல் ஸ்பிரிங் மோட்டாரைப் பொருத்திய பிறகுதான் அது வீட்டில் வைத்துக் கேட்கும் பொருளாயிற்று. இந்தியாவில் உருளையும் சில காலம் விற்றது. கல்கத்தாவில் ஹேமேந்திர மோகன் போஸ் வங்காளப் பாட்டுகளை உருளையில் பதிந்து விற்றார். ஆனால் நிலைத்தது வட்டுத்தான். தமிழ்நாட்டுப் பழைய வீடுகளில் கிடைப்பது அநேகமாக எப்போதும் வட்டு ஓடும் கிராமபோனே. உருளைப் போனோகிராஃப் என்று யாராவது ஒன்றைக் காட்டினால், அது வெளியிலிருந்து வந்ததா என்று விசாரிப்பது நல்லது.

கிராமபோன் கம்பெனிக்காக பிரெட் கெய்ஸ்பர்க் 1902-இல் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் போன்றோரைப் பதிவு செய்தார். மெழுகில் எடுத்த பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகரத்துக்குப் போய்த் தட்டாகத் திரும்பி வந்தன. அங்கே அச்சிடுவோருக்குப் பாடியவர் யாரென்று தெரிய வேண்டும் என்பதால், அந்தக் காலத் தட்டுகளில் பாட்டு முடிந்ததும் பாடியவர் தம் பெயரைச் சொல்வது வழக்கமாக இருந்தது. 1908-இல் கல்கத்தாவின் சியால்தாவில் தொழிற்சாலை வந்தது. சென்னையில் 20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி ஆகியோரின் குரல்கள் தட்டேறிவிட்டன. தட்டுக்குப் பாடத் தயங்கிய வித்வான்கள் பலர் இருந்த காலத்தில், பதிவுக் குழாயின் முன் துணிந்து நின்றவர்களில் பெண் பாடகியரே முன்னணியில் இருந்தனர். தமிழிசை வரலாற்றில் இதற்குரிய இடம் இன்னும் முழுதாகக் கொடுக்கப்படவில்லை.

காவிரிப் படுகைக்கும் இசைத்தட்டுக்கும் உள்ள உறவு தனி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராக ஆலாபனைத் தட்டு தமிழ்நாடெங்கும் விற்றது. மாயூரத்தில் பிறந்த தியாகராஜ பாகவதர், நாகப்பட்டினம் பக்கத்தில் பிறந்த பாபநாசம் சிவன், நாகையில் வளர்ந்த என்.சி. வசந்தகோகிலம், நன்னிலம் பக்கத்திலிருந்து வந்த தண்டபாணி தேசிகர் எல்லோரும் தட்டின் மூலம்தான் ஊரூராகப் போனார்கள். செங்கோட்டை கிட்டப்பா 1933-இல் மறைந்துவிட்டார். அவர் குரலைப் பின்னால் வந்தவர்கள் கேட்டதெல்லாம் தட்டில்தான். எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் தட்டு 1926-இல் அவர் சிறுமியாக இருந்தபோதே வந்தது. காரைக்குடியைச் சேர்ந்த ஏ.வி. மெய்யப்பன், சினிமாவுக்குப் போவதற்கு முன், 1930-களின் தொடக்கத்தில் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற நிறுவனத்தைக் கூட்டாளிகளோடு நடத்தி, ஓடியன் முத்திரையில் தமிழ்த் தட்டுகளை வெளியிட்டார். நாடகம் முழுவதையும் பல தட்டுகளில் அடக்கி ‘செட்’டாக விற்கும் வழக்கமும் அப்போது பரவியது.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம் ஓடும். ராஜகோபாலசாமி கோயில் பங்குனித் திருவிழா 18 நாள் நடக்கும் மன்னார்குடியில், ஒரு ராகத்தை வீதி முழுக்க வாசித்துக்கொண்டு போகும் நாகசுரக்காரர்களைக் கேட்டுப் பழகிய காதுக்கு மூன்று நிமிடம் மிகச் சிறியது. சின்னப்பக்கிரியின் நாகசுரத்தாலும் பக்கிரியா பிள்ளையின் கொன்னக்கோலாலும் பெயர் பெற்ற ஊர் அது. ஆயினும் அந்த மூன்று நிமிடத்துக்குள் ராகத்தின் உருவத்தைக் காட்டிவிட வேண்டும் என்ற கட்டாயம் வித்வான்களுக்கு ஒரு புதிய செறிவைத் தந்தது. நல்ல தட்டு ஒன்றைச் சரியான கருவியில் கேட்டால் இது புரியும். கருவியைச் சீர்செய்யும் வேலை முழுவதும் இந்தக் கேட்டல் ஒன்றுக்காகத்தான்.

சந்தையில் கிடைக்கும் பெட்டிகள் நான்கு வகை. வெளியே பெரிய புனல் நிற்கும் ரகம் 1900-களிலிருந்து 1920-கள் வரை வந்தது. புனலைப் பெட்டிக்குள்ளேயே மறைத்து, முன்னால் கதவு வைத்த மேசை ரகம் அதைத் தொடர்ந்தது. ஆள் இடுப்பளவு உயரத்தில் அலமாரி போல நிற்கும் ரகம் பணக்கார வீடுகளுக்கு உரியது, அரிதாகவே கிடைக்கும். நான்காவது, சூட்கேஸ் போல மூடித் தூக்கிச் செல்லும் ரகம். எச்.எம்.வி. 101 என்ற மாதிரி 1925-இலும், 102 என்ற மாதிரி 1931-இலும் வந்தன. 102 கால் நூற்றாண்டுக்கு மேல் பெரிய மாற்றமில்லாமல் விற்றது. ரெக்சின் உறை, மூடியில் தட்டு வைக்கும் இடம், பக்கத்தில் செருகும் கைப்பிடி கொண்ட இந்தப் பெட்டிதான் மின்சாரம் எட்டாத கிராமங்களுக்கு வண்டியில் போயிற்று. சுவிட்சர்லாந்தின் தோரன்ஸ், பையார் நிறுவனங்களின் மோட்டாரை வைத்து உள்ளூரில் தேக்குப் பெட்டி கட்டிய கருவிகளும் உண்டு. அவற்றில் பெயர்ப்பலகை இல்லை என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை; மோட்டார் நல்லதாக இருந்தால் பெட்டியும் நல்லதே.

முதன்முதலாக வாங்குவோருக்குத் தூக்கிச் செல்லும் ரகமே ஏற்றது. உதிரி கிடைக்கிறது, அமைப்பு எளியது, போலி குறைவு, ஒலியும் தெளிவு. புனல் வைத்த பெட்டியின் அழகு கண்ணை இழுக்கத்தான் செய்யும். ஆனால் இந்தியாவில் இன்று பளபளக்கும் பித்தளைப் புனலோடு விற்பனைக்கு நிற்பவற்றில் மிகப் பெரும்பாலானவை பழையவை அல்ல. உடைந்த சூட்கேஸ் கிராமபோன்களிலிருந்து மோட்டாரையும் கையையும் கழற்றி, புதிதாகச் செய்த எண்கோணப் பெட்டியில் பொருத்தி, புதுப் பித்தளைப் புனலை மாட்டி, எச்.எம்.வி.யின் நாய் படத்தை ஒட்டி விற்கிறார்கள். மும்பை சோர் பஜாரிலிருந்து சுற்றுலாக் கடைகள் வரை எங்கும் இது நடக்கிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் இந்தியப் போலிக்கு ஒரு கெட்ட பெயரே இருக்கிறது.

போலியைக் கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. பழைய புனல்கள் பெரும்பாலும் தகரத்தில் செய்து வண்ணம் பூசியவை, அல்லது மரத்தாலானவை. பித்தளைப் புனலும் இருந்தது, ஆனால் அதன் விளிம்பு சீராக மடிக்கப்பட்டிருக்கும். போலியில் இதழ்களைச் சேர்த்த பற்றவைப்பு உள்ளே கையால் தடவினாலே உறுத்தும். புனலைப் பெட்டியோடு இணைக்கும் முழங்கைக் குழாய் தடித்து, முரட்டு வார்ப்பாக இருக்கும். சுழல் தட்டைத் தூக்கிவிட்டு மேல்பலகையைப் பார்த்தால், முன்பு வேறு இடத்தில் திருகிய துளைகள் தெரியும். பெட்டியின் அடிப்பலகை புது மரம், சாயம் பூசிக் கறுக்கவைத்தது. நாய் முத்திரை ஒரு தனிக் குறிப்பு. பிரான்சிஸ் பரோட் 1899-இல் வரைந்த அந்தப் படம் பழைய பெட்டிகளில் மெல்லிய படலமாக மரத்தோடு ஒட்டிக் காலத்தால் மங்கியிருக்கும். போலியில் பித்தளை வில்லையாகவோ அச்சு ஒட்டியாகவோ பளிச்சென்று இருக்கும். அழகுக்காக வாங்குபவர் போலி என்று தெரிந்தே வாங்கலாம். அசல் விலை கொடுக்கக்கூடாது. அதில் தட்டு ஓட்டுவதும் வேண்டாம். கையின் நீளமும் புனலின் அளவும் பொருந்தாத கருவி தட்டைத் தேய்த்துவிடும்.

நல்ல பெட்டி கிடைக்குமிடம் கடையைவிட வீடுதான். சென்னை மூர் மார்க்கெட் ஒரு காலத்தில் பழைய தட்டுக்கும் பெட்டிக்கும் புகலிடமாக இருந்தது, 1985-இல் எரிந்துபோயிற்று. இப்போது காவிரி டெல்டாவுக்கு அருகில் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளே பெரிய இடம். செட்டிநாட்டு வீடுகள் கலைக்கப்படும்போது பெட்டிகள் அங்கே வருகின்றன. மன்னார்குடிப் பக்கத்துப் பழைய மிராசு வீடுகள், அக்கிரகாரங்கள் பிரிக்கப்படும்போதும், ஊர்ச் சவுண்டு சர்வீஸ்காரர்களின் கிடங்குகளைக் காலி செய்யும்போதும் நேரடியாகக் கிடைப்பதுண்டு. சவுண்டு சர்வீஸ்காரரின் பெட்டியில் ஒரு வேறுபாடு இருக்கும். கல்யாணத்திலும் திருவிழாவிலும் தட்டுப் போட, சாவி கொடுக்கும் மோட்டாரை வைத்துக்கொண்டு, சவுண்ட் பாக்ஸை எடுத்துவிட்டு மின் பிக்கப்பை மாட்டியிருப்பார்கள். பாட்டு பாட்டரி ஆம்ப்ளிபயர் வழியாகப் புனலுக்குப் போகும். அத்தகைய பெட்டியை மீண்டும் பழைய உருவுக்கு மாற்றாமல் அப்படியே வைத்துக்கொள்வதே நியாயம். தமிழ்நாட்டுக் கிராமங்கள் சினிமாப் பாட்டைக் கேட்ட விதத்துக்கு அதுவே சாட்சி.

வாங்கும் இடத்தில் செய்யக்கூடிய சோதனைகள் சில. கைப்பிடியைச் செருகி மெதுவாகச் சுற்ற வேண்டும். சுற்றச் சுற்ற இறுக்கம் ஏறினால் ஸ்பிரிங் இருக்கிறது. எவ்வளவு சுற்றினாலும் இறுகாவிட்டால் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது, அல்லது அதன் கொக்கி நழுவியிருக்கிறது. இரண்டும் சரிசெய்யக் கூடியவையே. சுற்றிவிட்டுக் கையை எடுக்குமுன் கைப்பிடி திருப்பியடிக்கிறதா என்று பார்க்க வேண்டும், அடித்தால் பற்சக்கரத் தடை தேய்ந்திருக்கிறது. தட்டு ஓடும்போது உள்ளே ‘டும் டும்’ என்று இடைவிட்டு இடித்தால், ஸ்பிரிங் சுருள்கள் காய்ந்த கிரீஸில் ஒட்டிக்கொண்டு திடீர்த் திடீரென்று விடுபடுகின்றன என்று பொருள். சுத்தம் செய்தால் போய்விடும். தட்டு கட்டுக்கடங்காமல் ஓடினால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் பழுது. கையின் வளைவுகளையும் சவுண்ட் பாக்ஸின் பின்புறத்தையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அக்காலத்து மலிவான துத்தநாகக் கலப்பு வார்ப்புகள் காலப்போக்கில் உள்ளுக்குள்ளேயே உப்பி, மயிர்க்கோடாக வெடித்து, கழற்றும்போது கையோடு பொடிந்து வரும். இந்த ஒரு பழுதுக்குத்தான் மருந்து இல்லை. வேறொரு பெட்டியின் உதிரியை மாற்றியாக வேண்டும். மரம் செல்லரித்திருப்பது, ரெக்சின் உரிந்திருப்பது, பூட்டு துருப்பிடித்திருப்பது இவையெல்லாம் விலை பேச உதவும் குறைகளே தவிர வாங்காமல் விடக் காரணங்கள் அல்ல.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் சாவி கொடுத்துத் தட்டு ஓட்டிப் பார்க்க எல்லாருக்கும் ஆசை வரும். அதை அடக்க வேண்டும். பழைய கிரீஸ் காய்ந்த மோட்டாரை ஓட்டினால் பற்கள் தேயும். எண்ணெய் விடுகிறேன் என்று தேங்காய் எண்ணெயை விடுவது இந்தப் பக்கத்து வீடுகளின் பழைய பழக்கம்; அது சில மாதத்தில் பிசினாகிப் பிடித்துக்கொள்ளும், மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். தையல் மெஷின் எண்ணெய்தான் தாங்கிகளுக்கு உரியது. ஸ்பிரிங்குக்கு அதுவும் போதாது, கிரீஸ் வேண்டும்.

மோட்டாரைத் திறப்பதில் ஒரு விதி மீறக்கூடாதது: ஸ்பிரிங் முழுதாக இறங்கிய பிறகே எந்தத் திருகையும் கழற்ற வேண்டும். பிரேக்கை விட்டுத் தட்டை ஓடவிட்டு, தானாக நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். முறுக்கு இருக்கும்போது கவர்னரைக் கழற்றினால், தடுக்க எதுவுமில்லாமல் சக்கரங்கள் சீறி ஓடிப் பற்கள் நொறுங்கும். முறுக்கோடு ஸ்பிரிங் டப்பாவைத் திறந்தால், பல அடி நீள எஃகுப் பட்டை ஒரே வீச்சில் வெளியே பாயும். விரலை வெட்டும், கண்ணைப் பறிக்கும். முறுக்கு இறங்கிய பிறகும் டப்பாவுக்குள் ஸ்பிரிங் நெருக்கிக்கொண்டுதான் இருக்கும். தடித்த தோல் கையுறையும் கண்ணாடியும் போட்டு, டப்பாவை வாளிக்குள் வைத்து, உள்முனையிலிருந்து ஒவ்வொரு சுற்றாக விரலால் பிடித்து வெளியே விட வேண்டும். பழகாதவர் இதைத் தனியாகச் செய்யக்கூடாது.

திறந்த டப்பாவில் தெரிவது கரிய, தார் போல் இறுகிய கிரீஸ். இரண்டு சுருள்களுக்கு நடுவே நகக்கண் அளவுக்குத் துண்டுகளாக உதிரும். அடியில் செம்பழுப்புத் துரு கலந்திருக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துணியால் பட்டை நெடுகத் துடைத்து, துரு இருக்கும் இடத்தில் மிக நயமான எஃகுக் கம்பளியால் தேய்த்து, ஈரம் போகக் காயவைக்க வேண்டும். பட்டையில் குறுக்கு வெடிப்பு இருந்தால் அந்த ஸ்பிரிங் வேண்டாம். உள்முனையோ வெளிமுனையோ மட்டும் உடைந்திருந்தால், அந்த முனையைச் சிவக்கக் காய்ச்சி மெதுவாக ஆறவிட்டு, எஃகு இளகியதும் புதிய துளை போட்டு மாட்டலாம். பழைய கடிகார மெக்கானிக்குகள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். புது ஸ்பிரிங் வாங்குவதானால் அகலம், தடிமன், நீளம் மூன்றையும் அளந்து சொல்ல வேண்டும். திரும்ப உள்ளே வைக்கும்போது கிராஃபைட் கலந்த கிரீஸை அளவாகப் பூசி, வெளிமுனையைக் கொக்கியில் மாட்டி, சுற்றுச் சுற்றாக அமுக்கி வைக்கிறார்கள். அதிகக் கிரீஸ் நல்லதல்ல, மோட்டார் முழுக்க வழியும்.

அடுத்தது கவர்னர். ஒரு தண்டைச் சுற்றி மூன்று ஈயக் குண்டுகள் மெல்லிய பட்டை ஸ்பிரிங்குகளில் நிற்கும். தண்டு சுற்றும் வேகத்தில் குண்டுகள் விரிந்து ஒரு வட்டத் தகட்டை இழுக்கும். தகடு தோல் துண்டில் உரசி வேகத்தைக் கட்டுப்படுத்தும். அந்தத் தோல் காய்ந்து கல்லாகியிருந்தால் மாற்ற வேண்டும், மாற்றியதற்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும். மூன்று பட்டைகளில் ஒன்று வளைந்திருந்தாலும் வேகம் அலையும். பேச்சுத் தட்டில் இது தெரியாது. நாகசுரத் தட்டில், ஒத்து இழுக்கும் ஆதார சுருதியில் உடனே தெரிந்துவிடும். கார்வை நிற்காமல் ஆடும். ஆகவே மோட்டாரைச் சோதிக்க நாகசுரத் தட்டைவிட நல்ல அளவுகோல் இல்லை.

வேகத்தைச் சரிசெய்வதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அது பெரிய தவறு. நிமிடத்துக்கு 78 சுற்று ஓட வேண்டிய தட்டு 82½ சுற்று ஓடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். ஒருவர் எத்தனை கட்டையில் பாடினார் என்று தட்டை வைத்து வாதாடுவோர் பலர், தம் பெட்டி எத்தனை சுற்றில் ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. அக்காலத்துத் தட்டுகளும் எல்லாம் ஒரே 78-இல் பதியப்பட்டவை அல்ல. தொடக்க காலப் பதிவுகள் முன்பின்னாக இருக்கும். அளப்பது எளிது. தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, ஊசியைத் தட்டில் வைத்து ஓடவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு எண்ண வேண்டும். ஊசியின் இழுவை இல்லாமல் எண்ணினால் கணக்குத் தப்பும். இன்னும் நுட்பம் வேண்டுவோர் 77 கோடுகள் வரைந்த வட்ட அட்டையைப் பயன்படுத்தலாம். நம் நாட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் குண்டு பல்பின் கீழ், வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். எல்.இ.டி. விளக்குகள் பலவற்றின் கீழ் இது தெரியாது.

கருவியின் குரல் சவுண்ட் பாக்ஸில் இருக்கிறது. பழைய வகையில் அதன் தகடு மைக்கா. 1920-களின் பிற்பகுதியிலிருந்து அலுமினியம். மைக்காவும், தட்டுச் செய்யும் அரக்கும் உலகச் சந்தைக்குப் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே போயின. தகட்டைச் சுற்றி இரண்டு ரப்பர் வளையங்கள் உண்டு. ஏறத்தாழ எல்லாப் பழைய பெட்டிகளிலும் இவை இறுகிக் கருகிப்போயிருக்கும், அதனால்தான் பாட்டு கரகரவென்று தகரத்தைத் தட்டுவது போல் வருகிறது. இதற்கு வெளிநாட்டு உதிரி தேட வேண்டாம். சைக்கிள் கடையில் கிடைக்கும் வால்வ் டியூப்பை அளந்து வெட்டி, முனைகள் சரியாகச் சேரும்படி வைத்தால் போதும். மைக்காவின் ஓரத்தில் அடுக்கு பிரிந்திருந்தால் மாற்ற வேண்டும். ஊசித் தண்டு தகட்டைச் சேரும் மையத் திருகைத் தேன்மெழுகு ஒரு சொட்டால் அடைப்பது பழைய முறை. தண்டைப் பொருத்தும்போது அது தகட்டை உள்ளுக்கும் இழுக்காமல் வெளியேயும் தள்ளாமல் நடுநிலையில் நிற்க வேண்டும். கையில் பொருத்தும் பின்பக்க ரப்பர் வளையமும் இறுகியிருக்கும். அதையும் மாற்றினால்தான் தாழ்ந்த சுரங்கள் வரும். மின்பதிவு 1925-இல் தொடங்கியது என்பதால், அதற்கு முந்திய தட்டுக்கு மைக்கா பாக்ஸும் பிந்தியதற்கு அலுமினியப் பாக்ஸும் பொருந்தும்.

மரத்துக்கும் உலோகத்துக்கும் டெல்டாவில் ஆள் இருக்கிறார்கள். தஞ்சாவூரில் வீணை செய்வோருக்கு மெல்லிய மரப் பட்டையை ஒட்டவும் விரிசலை அடைக்கவும் தெரியும். புனலின் நசுங்கலை எடுக்கக் கும்பகோணம், நாச்சியார்கோவில் பித்தளைக் கைவினைஞர்களைவிடத் தேர்ந்தவர் அரிது. ஆனால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஒன்றுண்டு: புதிதாக்க வேண்டாம். மரத்தை உப்புத்தாளால் தேய்த்துப் புதுப் பாலிஷ் ஏற்றுவதும், நிக்கல் பூச்சை மெருகு மசாலாவால் தேய்ப்பதும், கறுத்த புனலைப் பளபளக்கச் செய்வதும் பொருளின் வயதை அழித்துவிடும். முத்திரைப் படத்தின் மீது ஸ்பிரிட் பட்டால் நொடியில் கரைந்துபோகும். பழைய பாலிஷ் பெரும்பாலும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசியது. ஆகவே உலர்ந்த துணியும் சிறிது மெழுகும் போதும். பெயர்ந்த ரெக்சினைப் பசையால் ஒட்டலாம், உரித்தெறியக் கூடாது. பின்னால் வருபவர் கழற்றக்கூடிய விதத்திலேயே பழுதுபார்க்க வேண்டும் என்பது நல்ல அளவுகோல்.

தட்டுகளும் அரக்கால் ஆனவை. அதோடு கற்பொடியும் கரியும் கலந்திருக்கும். அதனால் ஸ்பிரிட்டால் துடைத்தால் தட்டே கரையும். வெதுவெதுப்பில்லாத சுத்தமான தண்ணீரில் ஓரிரு சொட்டு மென்சோப்பு விட்டு, லேபிள் நனையாமல், பள்ளத்தின் போக்கிலேயே மென்தூரிகையால் கழுவி, நிழலில் நிறுத்தி உலர்த்த வேண்டும். கற்பொடி கலப்பதற்குக் காரணம் ஊசி. மெல்லிய எஃகு ஊசி முதல் சில சுற்றில் அந்தப் பொடியில் தேய்ந்து பள்ளத்தின் வடிவத்துக்கு வந்துவிடும். ஒரு பக்கம் முடிந்ததும் அதன் முனை உளி போலத் தட்டையாகியிருக்கும். அதையே மறுபடி போட்டால் பள்ளத்தின் சுவரைச் செதுக்கும். ஊசி ஒன்றுக்கு ஒரு பக்கம் என்பது கஞ்சத்தனம் காட்டக்கூடாத விதி. ஊசி இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. 1948-க்குப் பிறகு வந்த நீண்ட நேர எல்.பி. தட்டை இந்தப் பெட்டியில் வைக்கவே கூடாது, 100 கிராமுக்கு மேல் எடையுள்ள சவுண்ட் பாக்ஸ் அதன் நுண்பள்ளத்தை ஒரே ஓட்டத்தில் அழித்துவிடும். இந்தியாவில் 1960-களிலும் 78 தட்டுகள் வந்தன. இலேசான மின் பிக்கப்புக்கென்று வந்த அந்தப் பிற்காலத் தட்டுகளையும் சாவிப் பெட்டியில் அடிக்கடி ஓட்டுவது நல்லதல்ல.

வைத்துக் காப்பதில் டெல்டாவின் எதிரி ஐப்பசி, கார்த்திகை ஈரம். பிளாஸ்டிக்கில் கட்டி வைத்தால் உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும். பருத்தித் துணி மூடி, தரையிலிருந்து உயரத்தில், சுவரை ஒட்டாமல் வைப்பது நல்லது. மாதம் ஒருமுறை சாவி கொடுத்து ஓடவிட்டால் கிரீஸ் ஒட்டாது. ஓட்டியபின் முறுக்கை முழுக்க இறக்கிவிட வேண்டும். தட்டுகளை நிமிர்த்தி அடுக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டுகள் சித்திரை வெயிலில் வளைந்துவிடும். 100 ஆண்டு கடந்த பழம்பொருள்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்பதையும், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து பாட்டன் பெட்டியைக் கொண்டுபோக நினைப்போர் கவனிக்க வேண்டும். பெட்டியின் வயதைத் தெரிந்துகொண்டு தொல்லியல் துறையிடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

அரிய தட்டு கிடைத்தால் அதைச் சாவிப் பெட்டியில் போட்டுக் கேட்பதற்கு முன், இலேசான ஊசி உள்ள மின்கருவியில் ஒருமுறை ஓட்டிப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். லேபிளில் உள்ள எண்ணையும், பாட்டு முடியும் இடத்தில் தட்டிலேயே பொறித்த எண்ணையும் எழுதி வைக்க வேண்டும். பதிவு எப்போது நடந்தது என்று பின்னால் கண்டுபிடிக்க உதவுவது அந்தப் பொறித்த எண்தான். சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நூல்களோடு இசைத்தட்டுகளையும் காத்துவருகிறது. மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் பரணில் தட்டுக் கட்டு வைத்திருப்போர், அதைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு பட்டியல் எழுதி அந்த நூலகத்துக்கோ அருகிலுள்ள இசைக் கல்லூரிக்கோ தெரிவிக்க வேண்டும். பெட்டியை எப்போது வேண்டுமானாலும் சீர்செய்துகொள்ளலாம். உடைந்த தட்டை யாராலும் மறுபடி செய்ய முடியாது.